முப்பத்தைந்து வயது மாணவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

மேசையின் நான்கு கால்களையும் ஒரே நீளத்தில் வரைந்து, மேசையே கவிழ்ந்து விழுவதுபோல் ஆக்கிவிடாதவர் நம்மில் யார்? தொலைவில் உள்ளது சிறுத்துத் தோன்றும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது; கைக்குத்தான் தெரிவதில்லை. அதைக் கைக்குக் கற்பிக்கும் முறையை ஓவிய ஆசிரியர்கள் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். உலகப் புகழ் பெற்ற பிறகு அதைக் கற்கப் புறப்பட்டவர் ஒருவர் உண்டு.

ஆல்பிரெக்ட் டியூரர் 1471-இல் ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகள் 18 பேர். பிழைத்து வளர்ந்தவர்கள் மூவரே. 15 வயதில் வோல்கெமுட் என்னும் ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மரத்தில் செதுக்கி அச்சிட்ட படங்களால் முப்பது வயதுக்குள் பெரும் பெயர் பெற்றார்.

ஆயினும் பட்டறையில் கற்றது கைப்பழக்கம். அதன் காரணத்தைச் சொல்லும் கணிதம் இத்தாலியில் இருந்தது. 1506-இல் வெனிஸ் நகரில் அவர் தீட்டிய படத்தைக் காண நகரத் தலைவரே வந்தார். மாலை மரியாதையோடு ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ, இக்கலையின் இரகசியத்தைக் கற்றுத்தர ஒருவர் இருக்கிறார், போலோஞா போகிறேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அப்போது வயது 35.

1507-இல் ஒரு டுகாட் பொற்காசு கொடுத்து யூக்ளிட் நூலை வாங்கினார். அது லத்தீனில் இருந்தது. அவருக்கோ லத்தீன் சரளமாக வராது. தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைத் திறந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லாதவன் நான்.

18 ஆண்டுகளுக்குப் பின், 1525-இல், கோலும் கவராயமும் கொண்டு அளக்கும் முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொழில் பழகும் இளைஞர்களுக்காக அதை ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். கலைச்சொற்கள் இல்லையே என்று அவர் தயங்கவில்லை. பரவளையத்தை எரிகோடு என்றார்; அவ்வடிவக் கண்ணாடி வெயிலைக் குவித்து எரிக்குமல்லவா! நீள்வட்டத்துக்கு முட்டைக்கோடு என்று பெயர். கூம்பு மேலே குறுகுவதால், அதைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் வடிவமும் ஒருபுறம் குறுகும் என்று எண்ணி, முட்டை போலவே வரைந்தும் விட்டார். அது தவறு. ஆனால் பாடம் எழுதியவர் தாமே சிந்தித்தார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

நூலின் கடைசிப் பகுதியில் ஒரு படம் உண்டு. சுவரில் அடித்த ஆணிதான் கண். அதன் வழியாக வரும் நூல், ஒரு மரச்சட்டத்தினூடே சென்று எதிரே உள்ள வீணை போன்ற இசைக்கருவியைத் தொடுகிறது. சட்டத்தில் அந்நூல் கடக்கும் இடத்தை, குறுக்கும் நெடுக்குமான இரு நூல்களால் ஒருவர் குறித்துக்கொள்கிறார். பிறகு நீண்ட நூலை விலக்கி, தாள் ஒட்டிய கதவைச் சட்டத்தின்மேல் மூடி, அவ்விடத்தில் ஒரு புள்ளி. இப்படிப் புள்ளி புள்ளியாகப் படம் பிறக்கிறது.

டியூரர் 1528-இல் மறைந்தார்.

சென்ற மாதம் விடுதி அறையில், பழைய ஜன்னல் சட்டம் ஒன்றை வைத்து நானும் என் அறைத்தோழனும் இதைச் செய்து பார்த்தோம். எங்களிடம் வீணை ஏது? தண்ணீர்ப் பானையை வைத்தோம். 20 புள்ளிகளுக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. புள்ளிகளை இணைத்தபோது பானையின் வட்டமான வாய் தாளில் நீள்வட்டமாக வந்தது, முட்டையாக அல்ல.