போத்தனூர்த் தாயின் மகன்: அலன் டூரிங்

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி மென்பொருள் பரிசோதகராக வேலை செய்கிறாள். செய்நிரல் எழுத முதலே, அதை எப்படிச் சரிபார்ப்பது என்று திட்டமிடுவதுதான் அவளது பாதி வேலை. இதை 1949இலேயே யோசித்தவர் அலன் டூரிங்.

அவரின் தாயார் பிறந்தது கோயம்புத்தூருக்கு அருகே போத்தனூரில். தகப்பன் சென்னை மாகாணத்தில் அரச அதிகாரி. 1912இல் இலண்டனில் பிறந்த பிள்ளையை ஓய்வுபெற்ற இராணுவத் தம்பதியிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளை இன்னொரு நாட்டிலுமாக வளர்வது எங்களுக்குப் புதிதல்ல.

இரண்டாம் உலகப் போரில் யேர்மனியரின் எனிக்மா இரகசியக் குறிகளை உடைக்கும் பணியில் முன்னின்றார். அதற்காக அவர் வடிவமைத்த இயந்திரம் முடிந்த விடையைத் தராது. சரியாக இருக்கக்கூடிய ஓர் அமைப்பில் வந்து நிற்கும், அவ்வளவுதான். அதை வேறொரு கருவியில் சரிபார்ப்பார்கள். பிறகு உண்மையான செய்தியில் போட்டு, வாசிக்கக்கூடிய யேர்மன் மொழி வருகிறதா என்று பார்ப்பார்கள். கணக்குச் சரியா என்பது ஒன்று, அது தேவைக்கு உதவுகிறதா என்பது இன்னொன்று. இன்றைய மென்பொருள் துறையும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே திட்டமிடுகிறது.

1949 யூன் 24 அன்று, கேம்பிரிட்ஜ் மாநாடொன்றில், பெரிய செய்நிரலைச் சரிபார்ப்பது பற்றிச் சிறு கட்டுரை வாசித்தார். நீண்ட கூட்டல் கணக்கை விடையை மட்டும் பார்த்துச் சரிபார்ப்பது கடினம். ஒன்றினிடத்திலிருந்து பத்தினிடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணையும் எழுதிவைத்தால், ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம். செய்நிரலும் அப்படித்தான். எந்தக் கட்டத்தில் என்ன பெறுமானம் இருக்கவேண்டும் என்று எழுதுபவரே குறித்துவைக்க வேண்டும். அது எப்போதாவது ஓடி முடியும் என்பதையும் காட்டவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையே பிழைகளோடுதான் அச்சானது. 1984இல்தான் இருவர் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

1952இல், ஓர் ஆணுடன் உறவு கொண்டதற்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் பதிலாக ஹோர்மோன் சிகிச்சை. இரகசியப் பணிக்கான அனுமதியும் போனது. போரில் அவர் செய்தது என்னவென்று அப்போது வெளியில் யாருக்கும் தெரியாது; 1970கள் வரை அது அரச இரகசியம். 1954 யூன் 7 அன்று, 41 வயதில், சயனைட் நஞ்சால் இறந்தார். தற்கொலை என்றது மரண விசாரணை. தாயார் அதை ஏற்கவில்லை, விபத்தென்றே நம்பினார்.

பிரித்தானியப் பிரதமர் 2009இல் மன்னிப்புக் கோரினார். அரச மன்னிப்பு 2013இல் வந்தது. போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் 1976இலேயே காலமாகியிருந்தார்.