இன்ஜின் இல்லாத கார், கம்பெனி கொடுத்த காசு: வால்ட் டிஸ்னியின் ரைடுகளுக்குப் பின்னால் இருக்கும் கதை

தீம் பார்க் போனவர்கள் கவனிச்சிருப்பீங்க. சில ரைடுகளின் வாசலில், ரைடின் பெயருக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரும் இருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில் 'டெஸ்ட் டிராக்' என்ற ரைடுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்பான்சர். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் குழந்தைகள் கார் ஓட்டும் 'ஆட்டோபியா'வுக்கு 2016-ல் ஹோண்டா வந்தது.

கார் விற்கிற கம்பெனி எதுக்கு ரைடுக்குக் காசு கொடுக்கணும்? அந்த ரைடு பாதியில் நின்னுட்டா மானம் போவது யாருக்கு? பார்க்குக்கா, கார் கம்பெனிக்கா? இதற்குப் பதில் தேடினால், 1966-லேயே இறந்துபோன வால்ட் டிஸ்னியின் வாழ்க்கைக்குள் போக வேண்டியிருக்கு. மிக்கி மவுஸ் கதை எல்லாருக்கும் தெரியும். அவர் வாழ்க்கையில் கார்கள் வந்துபோன கதை அவ்வளவாகத் தெரியாது.

நடுவழியில் நின்ற வண்டி

1901 டிசம்பர் 5-ம் தேதி சிகாகோவில் பிறந்தவர் டிஸ்னி. சிறு வயது மிசோரி மாநிலத்தில் கழிந்தது. கான்சஸ் சிட்டியில் அப்பாவுக்காக விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்ட பையன். முதல் உலகப் போர் முடியும் நேரத்தில், 16 வயதிலேயே, பிறந்த ஆண்டை மாற்றிக் காட்டி செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்துவிட்டார். பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்திருந்தது. ஆனாலும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அங்கே வண்டி ஓட்டினார். வண்டி மேல் கார்ட்டூன் வரைந்தும் வைத்தார்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வரும். பீன்ஸும் சர்க்கரையும் ஏற்றிப் போன லாரி, பனிக்காலத்தில் நடுவழியில் நின்றுபோகிறது. உதவி கேட்டுக் கூட வந்தவரை அனுப்பிவிட்டு, சரக்குக்குக் காவலாக டிஸ்னி வண்டியிலேயே காத்திருக்கிறார். போனவர் திரும்பி வரவே இல்லை. கண் விழித்து விழித்துக் களைத்துப்போய், ஓரிடத்தில் போய்த் தூங்கிவிட்டு வந்து பார்த்தால் லாரியைக் காணோம்! அவருடைய ஆட்களே வந்து எடுத்துப் போயிருந்தார்கள். விசாரணை வரைக்கும் போய், கடைசியில் தப்பித்தார். ஒரு வண்டி நின்றால் என்னென்ன பின்னால் வரும் என்பதை 17 வயதில் கற்றுக்கொண்ட ஆள் இவர்.

ஊர் திரும்பி கான்சஸ் சிட்டியில் ஆரம்பித்த கார்ட்டூன் கம்பெனி 1923-ல் திவால். ஹாலிவுட் போய் அண்ணன் ராயுடன் மறுபடி ஆரம்பித்தார். 1928-ல், 'ஆஸ்வால்ட்' என்ற முயல் பாத்திரத்தின் உரிமை தன் கையில் இல்லை என்பது தெரியவந்து அதையும் இழந்தார். அடுத்து வந்ததுதான் மிக்கி மவுஸ். 'ஸ்டீம்போட் வில்லி' படத்துக்கு ஒலி சேர்க்க நியூயார்க்கில் பணம் தண்ணியாகச் செலவானது. பணத்துக்காக, ஆசையாக வாங்கி வைத்திருந்த 'மூன்' காரை விற்றார். 1928 நவம்பர் 18-ல் படம் வந்தது. மிச்சம் உலகத்துக்கே தெரியும். அந்தக் காரைச் செய்த மூன் கம்பெனிதான் கொஞ்ச காலத்தில் காணாமல் போய்விட்டது.

ஃபோர்டின் கிராமத்தில் ஒரு யோசனை

'ஸ்னோ ஒயிட்', போர்க்காலக் கடன், ஸ்டுடியோ ஸ்டிரைக் எல்லாவற்றையும் தாண்டி நேராக 1948-க்கு வருவோம். ரயில் பைத்தியமான டிஸ்னி, தன் ஸ்டுடியோ ஓவியர் வார்ட் கிம்பலோடு சிகாகோ ரயில் கண்காட்சிக்குப் போனார். அங்கிருந்து டெட்ராய்ட் பக்கத்தில் டியர்பார்னில் இருக்கும் கிரீன்ஃபீல்ட் வில்லேஜுக்கும் போனார். கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு உருவாக்கிய இடம் அது. ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை, எடிசனின் ஆய்வுக்கூடம் என்று பழைய அமெரிக்காவைப் பெயர்த்து வந்து ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள், ஒரு பார்க் எப்படி இருக்க வேண்டும் என்று டிஸ்னி குறிப்பு எழுதிவிட்டார். டிஸ்னிலேண்டின் வேரில் ஒரு கார் முதலாளியின் கிராமமும் இருக்கிறது.

யோசனை சரி, காசு? சொந்த ஸ்டுடியோவே தயங்கியது. டிஸ்னி தன் இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் வாங்கினார், பாம் ஸ்பிரிங்ஸ் வீட்டை விற்றார். 1954-ல் ஏபிசி டிவி 5 லட்சம் டாலர் முதலீடும், 45 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதமும் கொடுத்தது. பதிலுக்கு டிஸ்னி வாராவாரம் டிவி நிகழ்ச்சி செய்து தரணும். மொத்தச் செலவோ 1.7 கோடி டாலர். மீதியில் ஒரு பங்கைத் தாங்கியது கம்பெனிகள். ரயிலுக்கு சான்டா ஃபே, ராக்கெட்டுக்கு டிடபிள்யூஏ விமான நிறுவனம், ஆட்டோபியாவுக்கு ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனம்.

1955 ஜூலை 17, திறப்பு நாள். வெயில் கொளுத்தியது, கள்ள டிக்கெட்டில் கூட்டம் வழிந்தது, புதுத் தார் இளகி செருப்பில் ஒட்டியது. பிளம்பர்கள் ஸ்டிரைக்கால், குடிநீர்க் குழாயா கழிப்பறையா என்று ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். நியாயமான முடிவு. ஆனா வந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? குளிர்பானம் விற்கத்தான் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று! ஸ்பான்சர் பெயர் பலகையில் இருந்தால், நடக்கும் கோளாறுக்கெல்லாம் ஜனங்கள் அந்தப் பெயரைத்தான் காரணமாகப் பார்ப்பார்கள். அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மோதத்தான் வந்தோம்!

ஆட்டோபியா கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் பெரிய நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது 1956-ல்தான். அதற்கு ஒரு வருஷம் முன்பே, குழந்தைகள் குட்டி பெட்ரோல் காரில் நெடுஞ்சாலை அனுபவம் பெறட்டும், ஒழுங்காக ஓட்டப் பழகட்டும் என்று டிஸ்னி ஆசைப்பட்டார். இளம் டிசைனர் பாப் கர், ஃபெராரி சாயலில் ஃபைபர் கிளாஸ் உடல் வைத்து அழகாகச் செய்து கொடுத்தார்.

குழந்தைகளோ ஒழுங்காக ஓட்ட வரவில்லை, மோத வந்திருந்தார்கள்! அப்போது பாதை நடுவில் தண்டவாளமும் கிடையாது. முதல் சில நாட்களிலேயே பெரும்பாலான கார்கள் ரிப்பேர். பம்பரைப் பலப்படுத்தி, மெக்கானிக்குகளைப் போட்டு, காரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தார்கள். நடுவில் வழிகாட்டித் தண்டவாளம் வந்தது 1965-ல்தான். பத்து வருஷம் ஆகியிருக்கிறது, ஒரு பொம்மை காரை நம்பகமாக ஓட வைக்க.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். சாலையில் ஓடும் கார் பெரும்பாலான நேரம் நிறுத்தியே இருக்கும். ரைடு கார் காலை முதல் இரவு வரை, வருஷம் பூரா, ஓட்டத் தெரியாத ஆட்களின் கையில் ஓடணும். அதைத் தாங்க வைப்பது பார்க்கின் பராமரிப்பு ஆட்களின் வேலை. விளம்பரத்தில் பெயர் வருவது மட்டும் ஸ்பான்சருக்கு.

ஃபோர்டுக்காக ஒரு மந்திரப் பாதை

கார் கம்பெனியே நேரடியாக வந்தது 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1939-ல் அதே ஊரில் நடந்த கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஃபியூச்சரமா' என்று ஒன்று வைத்தது. நகரும் நாற்காலியில் உட்கார்ந்தபடி 1960-ன் அமெரிக்காவை, அதன் அகலச் சாலைகளை மாதிரி வடிவில் பார்க்கலாம். கூட்டம் அள்ளியது. கார் கம்பெனி அங்கே விற்றது காரை மட்டுமல்ல, கார் நிறைந்த எதிர்காலத்தை.

1964-ல் அதே ஜெனரல் மோட்டார்ஸோடு போட்டி போட ஃபோர்டு டிஸ்னியைப் பிடித்தது. டிஸ்னி கொடுத்தது 'மேஜிக் ஸ்கைவே'. பார்வையாளர்கள் உட்கார்ந்தது நிஜமான ஃபோர்டு கார்களில், அதுவும் மேற்கூரை திறந்த கன்வெர்டிபிள். கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 17-ல் அறிமுகமான மஸ்டாங்கும் அதில் உண்டு. காரில் உட்கார்ந்தால் டைனோசர் காலம், குகை மனிதர்கள், எதிர்கால நகரம் என்று கடந்து போகலாம். கூடவே ஒலிக்கும் வர்ணனைக் குரல் வால்ட் டிஸ்னியுடையது.

அந்தக் கார்களில் இன்ஜின் கிடையாது! கழற்றி எடுத்துவிட்டார்கள். பாதையில் பதித்த சக்கரங்கள் சுழன்று காரை அடியிலிருந்து தள்ளின. ஃபோர்டு ஆலையில் பழுக்கக் காய்ந்த எஃகுக் கட்டிகள் உருளைகள் மேல் நகர்வதைப் பார்த்து டிஸ்னி ஆட்களுக்கு வந்த யோசனை இது. ஆக, புது ஃபோர்டு காரில் குலுங்காமல் போனோம் என்ற நினைப்போடு வெளியே வந்தவர்கள், உண்மையில் டிஸ்னியின் பாதையைத்தான் பாராட்டினார்கள். காரின் தரத்துக்கும் அந்தச் சவாரிக்கும் சம்பந்தமே இல்லை. ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், கண்காட்சி அப்படித்தான். ஆனா ஸ்பான்சர் எதை விலைக்கு வாங்குகிறார் என்பது இதைவிடத் தெளிவாக எங்கேயும் தெரியாது.

அதே கண்காட்சியில் டிஸ்னி இலினாய் மாநிலத்துக்காகச் செய்த பேசும் லிங்கன் பொம்மை, தொடக்க நேரத்தில் மக்கர் பண்ணியது. முன்னோட்டத்துக்கு வந்திருந்தவர்களிடம் இன்று காட்ட முடியாது என்று டிஸ்னியே சொல்லி அனுப்பிவிட்டார். சரியாகும் வரை, கண்காட்சி தொடங்கிச் சில நாட்கள் ஆகும் வரை, அது திறக்கப்படவில்லை. பணம் கொடுத்தவர்கள் காத்திருந்தாலும் ஓடாததை ஓடுவதுபோல் காட்ட அவர் தயாராக இல்லை.

இரண்டு சீசனில் 5 கோடிக்கும் மேல் மக்கள் வந்த கண்காட்சி அது. அதிகக் கூட்டம் போனது என்னவோ ஜெனரல் மோட்டார்ஸ் அரங்குக்குத்தான். ஆனா டிஸ்னிக்கு லாபம் வேறு வழியில் வந்தது. ஸ்பான்சர்களின் பணத்தில் அவர் ஆட்கள் பரிசோதனை செய்து முடித்துவிட்டார்கள். ஃபோர்டுக்காகச் செய்த தள்ளும் சக்கர முறைதான் டிஸ்னிலேண்டின் 'பீப்பிள்மூவர்' ஆனது. அதற்கு ஸ்பான்சர் குட்இயர் டயர் கம்பெனி.

கார் இல்லாத ஊர்

1966 அக்டோபரில், உடம்பு மோசமாக இருந்த நேரத்தில், டிஸ்னி ஒரு படத்துக்காக கேமரா முன் நின்றார். ஃபுளோரிடாவில் 'எப்காட்' என்ற நிஜ நகரம் கட்டுவது திட்டம். அதற்கும் அமெரிக்கத் தொழில் நிறுவனங்களைத்தான் கூட்டு சேரக் கேட்டார். அந்த வரைபடத்தில் கார்கள் பூமிக்கடியில்! மேலே மக்கள் நடப்பார்கள், பீப்பிள்மூவரில் போவார்கள். கார் கம்பெனி காசில் உருவான தொழில்நுட்பத்தை வைத்தே காரைக் கண்ணில் படாமல் செய்ய நினைத்திருக்கிறார். அதை எந்த ஸ்பான்சர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 1966 டிசம்பர் 15-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 65. பீப்பிள்மூவர் ஓடத் தொடங்கியது 1967 ஜூலையில்.

அவருக்குப் பிறகு

எப்காட் நகரமாகவில்லை, 1982 அக்டோபர் 1-ல் பார்க்காகத் திறந்தது. அங்கே 'வேர்ல்ட் ஆஃப் மோஷன்' என்ற ரைடுக்கு ஸ்பான்சர், முன்பு போட்டியாக நின்ற ஜெனரல் மோட்டார்ஸ். 1996 ஜனவரியில் அதை மூடிவிட்டு டெஸ்ட் டிராக் கட்ட ஆரம்பித்தார்கள். கார்களைக் கம்பெனி எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறது என்று காட்டுவதுதான் ரைடு. பிரேக் சோதனை, கடும் சூடு, கடும் குளிர், கடைசியில் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகம்.

1997-ல் திறப்பதாகத் திட்டம். ஆனா சக்கரங்கள் தாங்கவில்லை, இத்தனை கார்களையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் முறை ஒத்துழைக்கவில்லை. அதிகாரபூர்வமாகத் திறந்தது 1999 மார்ச் 17-ல். நம்பகத்தன்மையைப் பற்றிய ரைடே நம்பகமாக ஓடாமல் சுமார் இரண்டு வருஷம் தள்ளிப்போனது!

2012-ல் செவர்லே பெயரில் புதுப்பித்தபோது, பார்வையாளர்களே கார் டிசைன் செய்யலாம் என்று மாற்றினார்கள். அந்த டிசைனுக்கு நான்கு வகையில் மதிப்பெண்: திறன், எரிபொருள் சிக்கனம், கையாளும் தன்மை, சக்தி. ரிப்பேர் ஆகாமல் ஓடுமா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு வருஷத்தில், 2014-ல், இக்னிஷன் சுவிட்ச் கோளாறுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. 124 மரணங்களுக்கு அந்தக் கோளாறுடன் தொடர்பு உண்டு என்று இழப்பீட்டுத் திட்டம் ஏற்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் அணைந்துபோகும், ஏர்பேக்கும் திறக்காது, அதுதான் கோளாறு. அந்த நாட்களிலும் டெஸ்ட் டிராக்கில் வரிசை நின்றுகொண்டுதான் இருந்தது. 2025 ஜூலையில் மூன்றாவது முறையாக, அதே ஜெனரல் மோட்டார்ஸோடு அது புதுசாகத் திறந்தது.

ஆட்டோபியா இன்னமும் இருக்கிறது. அதன் பெட்ரோல் கார்களை மின்சாரத்துக்கு மாற்றப்போவதாக டிஸ்னி நிறுவனம் 2024-ல் சொன்னது. ஃபோர்டின் காசில் செய்த டைனோசர்கள், டிஸ்னி இறந்த அதே 1966-ல் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தன. டிஸ்னிலேண்டைச் சுற்றிவரும் ரயிலில் ஏறினால் இன்றும் பார்க்கலாம்.