வைட்லா எயின்ஸ்லி

சர் வைட்லா எயின்ஸ்லி (பிப்ரவரி 17, 1767 - ஏப்ரல் 29, 1837) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் நூலாசிரியரும் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் 27 ஆண்டுகள் பணியாற்றினார். இவரது இந்தியப் பணி செங்கல்பட்டில் தொடங்கியது. தென்னிந்தியக் கடைவீதிகளில் விற்கப்பட்ட மருந்துச் சரக்குகளை அவற்றின் தமிழ்ப் பெயர்களுடன் தொகுத்து நூலாக வெளியிட்டமைக்காக இவர் அறியப்படுகிறார்.

இளமை

எயின்ஸ்லி ஸ்காட்லாந்தின் பெரிக்ஷயர் பகுதியிலுள்ள டன்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை ராபர்ட் எயின்ஸ்லி நில மேலாளராக இருந்தவர். தந்தையின் பெயரையே கொண்ட உடன்பிறந்தார், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நெருங்கிய நண்பர் ஆவார்.

செங்கல்பட்டில்

1788 இல் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்த எயின்ஸ்லி, இந்தியா வந்ததும் செங்கல்பட்டுக் கோட்டைப் படைக்கு மருத்துவராக நியமிக்கப்பட்டார். கொளவாய் ஏரியை ஒட்டி அமைந்த இக்கோட்டையை 1752 இல் கிளைவ் கைப்பற்றியிருந்தார். ஆற்காட்டு நவாப் 1763 இல் கம்பெனிக்கு அளித்த ஜாகிர் நிலப்பகுதியில் செங்கல்பட்டும் மாமல்லபுரம் கடற்கரையும் அடங்கியிருந்தன. 1780 இல் ஐதர் அலியின் படையெடுப்பால் இப்பகுதி பெரும் அழிவுக்கு உள்ளானது. எயின்ஸ்லி வந்தபோது அப்பேரழிவு நிகழ்ந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

1794 இல் அறுவை மருத்துவராகப் பதவி உயர்வு பெற்ற இவர், 1810 இல் மேற்பார்வை மருத்துவரானார். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய பகுதிகளில் பரவிய கொள்ளைக் காய்ச்சலின் காரணங்களை ஆராய அமைக்கப்பட்ட குழுவிலும் இடம்பெற்றார். அக்குழுவின் அறிக்கை 1816 இல் இலண்டனில் அச்சானது.

மருந்துப் பொருள் நூல்கள்

1813 இல் இவரது 'மெட்டீரியா மெடிக்கா ஆஃப் ஹிந்துஸ்தான்' சென்னையில் வெளியானது. இதனை விரிவாக்கி 1826 இல் 'மெட்டீரியா இண்டிகா' என்ற பெயரில் இரு தொகுதிகளாக இலண்டனில் வெளியிட்டார். முதல் தொகுதி ஐரோப்பிய மருத்துவத்திலும் பயன்பட்ட பொருட்களையும், இரண்டாம் தொகுதி பெரும்பாலும் இந்நாட்டு மருத்துவர்கள் மட்டுமே கையாண்ட பொருட்களையும் விவரிக்கின்றன. ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ், தெலுங்கு, தக்கணி, வடமொழி, அரபு, பாரசீகம் முதலிய மொழிப் பெயர்கள் இயன்றவரை தரப்பட்டுள்ளன. நோய்களின் பெயர்ப் பட்டியலும், அகத்தியர் பெயரால் வழங்கும் தமிழ் மருத்துவ நூல்கள் உள்ளிட்ட கீழைநாட்டு நூல்களின் பட்டியலும் உண்டு.

ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டிய மருந்துகளுக்கு ஈடான பொருட்கள் உள்ளூர்க் கடைகளில் கிடைக்குமா என அறிவது கம்பெனி மருத்துவர்களுக்குத் தேவையாக இருந்தது. இந்நூல்கள் அத்தேவையை நிறைவு செய்தன. தகவல் அளித்த தமிழ் மருத்துவர்கள் பெரும்பாலும் வைத்தியர் என்ற பொதுப் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர்.

பெயரும் அளவும்

முதல் நூல் வெளிவந்த காலத்தில் மூலிகைகளின் வேதிப் பொருட்கள் பெரும்பாலும் பிரித்தறியப்படவில்லை. எட்டிக் கொட்டையின் நச்சுப்பொருளான ஸ்டிரிக்னின் 1818 இலும், காய்ச்சல் மருந்தான குயினைன் 1820 இலுமே பிரித்தெடுக்கப்பட்டன. ஆகவே ஒரு சரக்கை அடையாளம் காணப் பெயர், தோற்றம், மணம், சுவை ஆகியவையே துணையாயின. பெயர் மாறினால் மருந்தும் மாறியது. சீதபேதிக்குப் பயன்படும் குடசப்பாலைப் பட்டைக்குப் பதிலாக, அதைப்போன்ற வெட்பாலையின் பட்டை விற்கப்பட்டதால், குடசப்பாலை பயனற்றது என்ற தவறான எண்ணம் 19 ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. ஒரே பொருளின் பல மொழிப் பெயர்களை அருகருகே வைத்த எயின்ஸ்லியின் முறை, இத்தகைய குழப்பத்தைக் குறைக்கும் முயற்சியாகும்.

தாவரத்தின் எப்பகுதி, எவ்வடிவில், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் இவர் குறித்தார். வராகன் எடை (ஏறத்தாழ 3.4 கிராம்) இவர் நூலில் அடிக்கடி காணப்படும் அளவாகும். எட்டி, ஊமத்தை, நேர்வாளம், பாஷாணம் போன்ற கடுமையான பொருட்களும் இவற்றுள் அடங்கும்.

குழந்தைகளின் வயிற்று உபாதைக்கு வசம்பு மிகவும் வேண்டப்பட்டதால், நள்ளிரவில் கேட்டாலும் கதவைத் திறந்து விற்காத கடைக்காரருக்குத் தண்டம் உண்டு என இவர் பதிவு செய்துள்ளார். நெடுங்காலப் பயன்பாடு மட்டும் ஒரு பொருளின் பாதுகாப்பை உறுதி செய்வதில்லை என்பதற்கும் வசம்பு சான்றாகும். இதிலுள்ள பீட்டா-அசரோன் எலிகளில் கட்டிகளை உண்டாக்குவது கண்டறியப்பட்டதால், 1968 இல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. எனவே எயின்ஸ்லி தரும் அளவுகளை வரலாற்றுத் தகவலாகவே கொள்ள வேண்டும். மருந்து உண்பதற்கு வழிகாட்டியாகக் கொள்ளலாகாது.

இறுதிக் காலம்

எயின்ஸ்லி 1815 இல் பணியிலிருந்து விலகி நாடு திரும்பினார். கீழை நாடுகளில் பெரியம்மையும் அம்மை குத்துதலும் பற்றிய இவரது கட்டுரை 1829 இல் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. 'கிளெமென்சா' என்ற நாடகத்தையும் எழுதினார். 1835 இல் சர் பட்டம் பெற்ற இவர், 1837 இல் இலண்டனில் காலமானார். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாவரப் பேரினத்துக்கு 1838 இல் தெ கந்தோல் இவரது நினைவாக எயின்ஸ்லியா எனப் பெயரிட்டார்.

பிற்காலத் தொடர்ச்சி

1868 இல் இந்திய மருந்து நூல் வெளியானது. அதற்குத் துணைநூலாக 1869 இல் சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப் எழுதிய நூல், இந்திய மொழிகளில் மருந்துப் பெயர்களைத் திருத்தமாகத் தந்தது. 1940 இல் இயற்றப்பட்ட மருந்துச் சட்டத்தின் கீழ், 1964 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளும் வந்தன. இவற்றின் உறையில் சேர்பொருட்கள் அனைத்தின் பெயரும் அளவும், மூலிகையாயின் தாவரவியல் பெயரும் இருத்தல் வேண்டும். எட்டி, ஊமத்தை, நேர்வாளம் முதலியன நச்சுப் பொருட்களின் அட்டவணையில் உள்ளன. இவை சேர்ந்த உள்மருந்துகளின் உறையில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட விதிகள் கூறுகின்றன.