டிவி திரைக்குள் ஒரு தஞ்சை வேர்: யார் இந்த சந்திரசேகர்?

தஞ்சாவூர் கடைத்தெருவில் 'எல்இடி டிவி' என்று வாங்குவதில் பெரும்பாலானவை எல்சிடிதான். எல்இடி என்பது பின்னால் எரியும் விளக்கு. படம் காட்டுவது திரவப் படிகம். அந்த ஆய்வில் உலகப் பெயர் எடுத்தவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர்.

நோபல் சந்திரசேகரா?

இல்லீங்க. அவர் சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். இவர் சகோதரி மகன். தாய்வழிப் பூர்வீகம் தஞ்சை மாவட்டம். 1930-ல் கொல்கத்தாவில் பிறந்தவர், பெங்களூருவில் மாமாவிடமே ஆய்வு மாணவரானார். கேம்பிரிட்ஜ் போய் வந்து, 1961-ல் மைசூர் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். 1971-ல் ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகம் தொடங்கினார்.

என்ன கண்டுபிடித்தார்?

குச்சி மாதிரி நீண்ட மூலக்கூறுகள்தான் திரவப் படிகமாகும்னு அதுவரை நினைத்திருந்தார்கள். தட்டு வடிவ மூலக்கூறும் ஆகும், இட்லித்தட்டு போல அடுக்கடுக்காக நிற்கும் என்று 1977-ல் சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து காட்டினார்.

நமக்கென்ன லாபம்?

பழைய எல்சிடியை ஓரமா உட்கார்ந்து பார்த்தால் நிறம் மாறும். தட்டு மூலக்கூறுகள் பூசிய மெல்லிய படலத்தை ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் தயாரித்தது. அதைத் திரையில் ஒட்டியதும் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது.

1998-ல் பத்ம பூஷண் பெற்ற சந்திரசேகர், 2004-ல் காலமானார்.