துணிக்கடை இமாம்



இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) என்றதும் மத்ஹபும் கிதாபுகளும்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 80-ல் கூஃபாவில் பிறந்த அவர்கள், அதே ஊரில் 'கஸ்' எனும் பட்டும் கம்பளியும் கலந்த துணி விற்ற கடைக்காரர் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கொடுக்கல் வாங்கல் சட்டங்களில் அவர்களின் தீர்ப்புகள் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு அந்தக் கடையும் ஒரு காரணம்.

அவர்களின் கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான். ஒருமுறை அவரிடம் சரக்கு அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, வாங்குபவரிடம் காட்டிவிட்டு விற்கவேண்டும் என்று இமாம் சொல்லி அனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்துவிட்டார். விற்றாயிற்று, வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் இமாம் ஸதகா செய்துவிட்டார்கள்.

ஒரு துணிக்காக முழுப் பணத்தையுமா என்று நீங்கள் கேட்கலாம். மறைந்திருந்த குறையைப் பின்னர் கண்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குறையைத் தெரிந்தே வாங்கியவருக்கு அது இல்லை. இங்கே அந்த உரிமையைப் பயன்படுத்த ஆளையே காணோம். அவருக்குச் சேரவேண்டியது தன் பணத்தோடு கலந்துவிடக்கூடாது என்ற பேணுதல்தான் அது.

இன்னொரு சம்பவம். மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்) உஸ்தாதைப் பிரிந்து தனியாக மஜ்லிஸ் வைத்தார்கள். இமாம் ஓர் ஆளிடம் கேள்வி கொடுத்தனுப்பினார்கள். ஒருவர் சலவைக்காரரிடம் துணி கொடுத்தார். திரும்பக் கேட்டபோது, நீ எதுவும் தரவில்லை என்று சலவைக்காரர் மறுத்தார். பிறகு ஒருநாள் வெளுத்த துணியை அவரே கொடுத்தார். அவருக்குக் கூலி உண்டா?

உண்டு என்றார்கள் அபூ யூசுஃப். தவறு என்றார் வந்தவர். இல்லை என்றார்கள். அதுவும் தவறு என்றார். அபூ யூசுஃப் எழுந்து நேராக உஸ்தாதிடம் வந்தார்கள். மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால் ஒப்பந்தப்படி கூலி உண்டு, உரிமையாளருக்காக வெளுத்தார். மறுத்த பிறகு வெளுத்திருந்தால் கூலி இல்லை. அபகரித்தவர் தனக்காக வெளுத்துக்கொண்டார். துணி ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். மறுத்த அந்தக் கணத்தில் ஒப்பந்தக்காரர் அபகரித்தவராகிவிடுகிறார்.

சரி, துணி திருடுபோனால்? சலவைக்காரரின் கையில் அது அமானிதம். அவர் கவனக்குறைவாக இல்லாதபோது நஷ்டஈடு இல்லை என்பது இமாமின் கருத்து. அடித்துத் துவைத்ததில் கிழிந்தால் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் அவரே பொறுப்பு. அது அவர் கைவேலையால் வந்த சேதம். (உங்கள் லாண்டரி ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று இரண்டையும் ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.)

நீதிபதி பதவியை ஏற்க மறுத்த இமாம், ஹிஜ்ரி 150-ல் பக்தாதில் வஃபாத்தானார்கள். அபூ யூசுஃப் பின்னர் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை காழியாக அமர்ந்தார்கள். திருடுபோன துணி விஷயத்தில் அவர்கள் உஸ்தாதுக்கு மாற்றமாகவே சொன்னார்கள்: பெரும் தீவிபத்து போன்ற தவிர்க்கமுடியாத காரணம் இல்லையென்றால், சலவைக்காரர் ஈடு தரவேண்டும்.