அநகாரிக தர்மபால

அநகாரிக தர்மபால (செப்டம்பர் 17, 1864 - ஏப்ரல் 29, 1933) இலங்கையைச் சேர்ந்த பௌத்த மறுமலர்ச்சியாளரும் எழுத்தாளரும் ஆவார். மகாபோதி சங்கத்தை 1891இல் நிறுவியவர். பல நூற்றாண்டுகளாகப் பிக்குகள் இல்லாதிருந்த இந்தியாவில் பௌத்தத் துறவியரை மீண்டும் குடியமர்த்தவும், அவர்களுக்குக் கல்வி அளிக்கவும், அதற்கான நன்கொடைகளைத் திரட்டவும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

பிறப்பும் இளமையும்

தர்மபாலவின் இயற்பெயர் தொன் டேவிட் ஹேவாவிதாரண. கொழும்பில் பிறந்தார். தந்தை தொன் கரோலிஸ் மாத்தறையிலிருந்து வந்து கொழும்பில் மரத்தளபாட வணிகம் செய்து பெரும் செல்வம் ஈட்டியவர். தாயார் மல்லிகா. 1873இல் இக்கடுவை சிறீ சுமங்கல தேரர் கொழும்பு மாளிகாகந்தையில் வித்தியோதயப் பிரிவெனாவை நிறுவியபோது அதற்குத் துணை நின்ற வணிகர்களுள் மல்லிகாவின் தந்தையும் ஒருவர். பிரிவெனா என்பது பிக்குகள் பாளி, சமற்கிருதம், திரிபிடகம் முதலியவற்றைப் பயிலும் துறவியர் கல்லூரி ஆகும். கடைத்தெருவில் ஈட்டிய பொருள் துறவியர் கல்விக்குச் செல்வதைப் பார்த்தே தர்மபால வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட பணிகள் அனைத்தும் இந்த முறையின் விரிவாக்கம் என்று கொள்ளலாம்.

ஆயினும் அவர் படித்தவை கிறித்தவப் பள்ளிகளே. அக்காலத்தில் ஆங்கிலக் கல்விக்கு வேறு வழி அரிதாயிருந்தது. 1883இல் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டதை அடுத்து அவரைத் தந்தை பள்ளியிலிருந்து நிறுத்தினார். 1884இல் பிளவாட்ஸ்கி அம்மையாருடன் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். மறைஞானம் கற்கும் ஆவலோடு வந்த இளைஞரை, பாளி மொழியைக் கற்கும்படி அம்மையார் திருப்பிவிட்டார். சில காலம் கல்வித் திணைக்களத்தில் எழுத்தராகப் பணியாற்றிய தர்மபால, 1886இல் கர்னல் ஆல்காட்டுடன் மாட்டுவண்டியில் சிங்கள ஊர்களைச் சுற்றி, பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்டினார். வேலையையும் விட்டார். வீடற்றவர் எனப் பொருள்படும் அநகாரிக என்பதைத் தம் பெயரோடு இணைத்துக் கொண்டார். இது இல்லறத்தானுக்கும் பிக்குவுக்கும் இடைப்பட்ட நிலையாகும்.

புத்தகயையும் நான்கு பிக்குகளும்

சனவரி 1891இல் புத்தகயைக்குச் சென்ற தர்மபால, மகாபோதிக் கோயில் சைவ மகந்த் ஒருவரின் உடைமையில் இருப்பதையும், அங்கு வழிபாடு நடத்தப் பிக்கு ஒருவர்கூட இல்லாததையும் கண்டார். பிக்குகள் வந்து பொறுப்பேற்கும்வரை அவ்விடத்தை விட்டு அகல்வதில்லை என உறுதி பூண்டார். கையில் இருந்த பணம் விரைவில் தீர்ந்தது. எனவே நாடு திரும்பி, மே 31, 1891 அன்று கொழும்பில் மகாபோதி சங்கத்தைத் தொடங்கினார். சுமங்கல தேரர் அதன் தலைவரானார். அதே ஆண்டு சூலையில் இலங்கையிலிருந்து நான்கு பிக்குகள் புத்தகயைக்கு அனுப்பப்பட்டு, பர்மிய மன்னர் கட்டுவித்த விடுதியில் தங்கினர்.

இம்முயற்சி நிலைக்கவில்லை. 1893இல் மகந்தின் ஆட்கள் பிக்குகளைத் தாக்கினர். 1895இல் சப்பானியப் புத்தர் சிலை ஒன்றைத் தர்மபால கோயிலில் நிறுவ முற்பட்டபோது அதுவும் வெளியே அகற்றப்பட்டது. கீழ்நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றியைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் மாற்றியது. தொடர்ந்த வழக்குகளின் முடிவில் பிக்குகள் விடுதியையும் விட்டு வெளியேற நேர்ந்தது. கோயிலின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் வழக்காடியதில் சங்கத்தின் பொருளும் அவரது உடல்நலமும் கரைந்தன.

மேரி ஃபாஸ்டரின் கொடை

1893இல் சிகாகோவில் நடைபெற்ற உலகச் சமயப் பேரவையில் தர்மபால தேரவாத பௌத்தத்தின் சார்பில் உரையாற்றினார். திரும்பும் வழியில், அக்டோபர் 18 அன்று, கப்பல் ஒனலுலுத் துறைமுகத்தில் நின்றபோது மேரி ஃபாஸ்டர் என்னும் அம்மையார் அவரைக் காண வந்தார். அவாய் அரச மரபோடு தாய்வழித் தொடர்புடைய செல்வந்தரான அவர், தம் கடுஞ்சினத்தை அடக்குவது எவ்வாறு எனக் கேட்டார். சந்திப்பு சிறிது நேரமே நீடித்தது. ஆனால் அதன் விளைவு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்தது.

1906இல் தந்தை இறந்தபின் தர்மபாலவின் பணிகளுக்கு முதன்மை ஆதரவாக இருந்தவர் ஃபாஸ்டர் அம்மையாரே. அவர் அளித்த 60,000 ரூபாயைக் கொண்டு கொழும்பில் இலவச மருத்துவமனை ஒன்று அமைந்தது. கல்கத்தாவில் 1920இல் திறக்கப்பட்ட தர்மராசிக விகாரைக்கும், இலண்டனில் 1926இல் தொடங்கப்பட்ட விகாரைக்கும், கண்டியில் இளந்துறவியருக்காக அமைந்த ஃபாஸ்டர் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரது கொடையே அடிப்படை. அம்மையார் 1930இல் காலமானார்.

சாரநாத்தும் துறவியர் கல்வியும்

புத்தகயையில் ஏற்பட்ட தோல்வி தர்மபாலவைச் சாரநாத்தின் பக்கம் திருப்பியது. புத்தர் முதல் அறவுரை நிகழ்த்திய அவ்விடம் அப்போது இடிபாடுகளாகவே இருந்தது. அங்கு நிலம் வாங்கி ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1903இல் அமெரிக்காவில் புக்கர் வாசிங்டனின் டஸ்கிகீ நிறுவனத்தைப் பார்வையிட்ட பின், கைத்தொழிற் கல்வியிலும் அவருக்கு ஆர்வம் மிகுந்தது.

விகாரையைப் பணத்தால் கட்டிவிட முடியும். அதில் தங்கி, உள்ளூர் மொழியில் பேசி, மக்களுக்குக் கற்பிக்கக்கூடிய பிக்குகளை உருவாக்கப் பல ஆண்டுகள் தேவை. 1891இல் அனுப்பப்பட்ட நால்வருக்கு அத்தகைய பயிற்சி இருக்கவில்லை. இக்குறையைத் தர்மபால தம் இறுதிக் காலத்தில்தான் முறையாக நீக்க முற்பட்டார். கண்டியில் பயின்ற இளம் சாமணேரர்கள், அதாவது முழுத் துறவு பெறாத மாணவத் துறவியர், மேற்படிப்புக்காக இந்தியாவுக்கு அழைத்து வரப்பட்டனர். நவம்பர் 1931இல் சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரை திறக்கப்பட்டது.

தமிழகத் தொடர்பு

தமிழகத்திலும் பௌத்தம் ஏறத்தாழ மறைந்திருந்தது. நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, மகாபோதி சங்கத் தலைவரான அதே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். 1900இல் சென்னையில் மகாபோதி சங்கக் கிளை அமைந்தது. அதில் ம. சிங்காரவேலர் முதன்மைப் பங்கு வகித்தார். பேராசிரியர் இலட்சுமி நரசு எழுத்தாலும் சொற்பொழிவாலும் துணை நின்றார். வடசென்னையின் பெரம்பூரிலும், கோலார் தங்கவயலிலும் பௌத்தக் குழுக்கள் வளர்ந்தன. இவற்றைத் தாங்கியவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தொழிலாளர்கள். ஃபாஸ்டர் போன்ற புரவலர் எவரும் இவர்களுக்கு வாய்க்கவில்லை. தர்மபாலவின் கவனம் கல்கத்தா, கயை, சாரநாத் ஆகிய வடபுலத் தலங்களிலேயே பெரிதும் நிலைத்தது. பிற்காலத்தில் எழும்பூர் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த கென்னத் சந்தில் அமைந்த மகாபோதி சங்க நிலையம் இலங்கையிலிருந்து வரும் பயணிகளுக்குத் தங்குமிடமாகவும் பயன்பட்டு வருகிறது.

திறனாய்வு

சிங்கள பௌத்தத் தேசியவாதத்தின் முன்னோடியாகவும் தர்மபால கருதப்படுகிறார். அவருடைய சிங்கள எழுத்துகளில் முசுலிம்களையும் தமிழர் உள்ளிட்ட பிறரையும் அயலாராகச் சித்திரிக்கும் கடுமையான பகுதிகள் உள்ளன. இந்தியாவில் சாதி எதிர்ப்பையும் சமய உறவையும் பேசியவர் சொந்த நாட்டில் இவ்வாறு எழுதியது ஆய்வாளர்களால் பரவலாகக் குறை கூறப்பட்டுள்ளது. 1915இல் இலங்கையில் சிங்கள-முசுலிம் கலவரம் நிகழ்ந்தபோது பிரித்தானிய அரசு அவரைக் கல்கத்தாவில் தடுத்து வைத்தது. கைதான அவர் தம்பி எட்மண்ட் யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று இறந்தார்.

மறைவும் பின்னரும்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிக்குகளுக்காக உழைத்த தர்மபால, 1931இல்தான் சாமணேரராகத் துறவு பூண்டார். சனவரி 1933இல் தேவமித்த தர்மபால என்னும் பெயருடன் முழுப் பிக்குவானார். மூன்று மாதங்களில் சாரநாத்தில் காலமானார். இன்னும் இருபத்தைந்து முறை பிறந்து அறம் பரப்ப வேண்டும் என்பது அவரது கடைசி விருப்பமாகக் கூறப்படுகிறது.

அவருக்குப்பின் சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்றவர் அவருடைய மாணவர் தேவப்பிரிய வலிசிங்க. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புத்தகயைக் கோயிலை நிருவகிக்க இந்துக்களும் பௌத்தர்களும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குழு ஏற்படுத்தப்பட்டது. 1953இல் கோயில் அக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்டோபர் 14, 1956 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நிகழ்வில் வலிசிங்கவும் கலந்து கொண்டார். தர்மபாலவின் பாட்டனார் ஆதரித்த வித்தியோதயப் பிரிவெனா 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அப்பல்கலைக்கழகம் பின்னர் சிறீ செயவர்தனபுரப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.