ஏவலுக்குப் பொருள் கண்ட ஆசிரியர்

ஆகுபெயர் கற்பிக்கும்பொழுது, கல்முனைக்குச் சென்றேன், கல்முனை திரண்டது என்னும் இரு தொடர்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதுவது என் வழக்கம். முன்னதிற் கல்முனை என்பது இடம். பின்னதில் அவ்விடத்து வாழும் மக்கள். பெயர் ஒன்றே, பொருள் இரண்டு. சில மாதங்களுக்கு முன், கணினி பயிலும் மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, தன் பாடத்திலும் இவ்விலக்கணம் உண்டு என்றான். கணினிக்கு எழுதும் ஏவலில், சமக்குறிக்கு இடப்பக்கம் நிற்கும் பெயர் ஓர் இடத்தைக் குறிக்குமாம்; அதே பெயர் வலப்பக்கம் நின்றால் அவ்விடத்தில் உள்ள பொருளைக் குறிக்குமாம். இவ்வேறுபாட்டைத் தெளிவுற வகுத்தவர் யாவர் எனத் தேடினேன். கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி என்னும் ஆங்கிலேயர் எனக் கண்டேன். அவரும் ஒரு பள்ளி ஆசிரியராய் இருந்தவர் என அறிந்ததும் அவர் வரலாற்றை எழுதும் விருப்பம் எனக்கு உண்டாயிற்று.

அவர் 1916ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் இலண்டனில் ஹாம்ஸ்டெட் என்னும் பகுதியிற் பிறந்தார். தந்தையார் ஒலிவர் ஸ்ட்ரேச்சி, பகைவரின் மறைமொழிகளை அவிழ்ப்பதில் வல்லவர். தாயார் றே ஸ்ட்ரேச்சி, பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். வாழ்க்கை வரலாறு எழுதுவதிற் புகழ்பெற்ற லிட்டன் ஸ்ட்ரேச்சி இவருக்குச் சிறிய தந்தையார். இத்தகைய குடியிற் பிறந்தும் இவருடைய இளமை ஒளியுடையதாய் அமையவில்லை. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியிற் பயின்றபொழுது மனத்தளர்ச்சியுற்றார். தேர்வில் உயர்வகுப்புப் பெறாமையால் ஆராய்ச்சிக்குரிய வாயில் அடைபட்டது. உலகப்போர்க் காலத்தை ஒரு தொழிற்கூடத்திற் கழித்தபின், 1945இல் கன்ரபரியிலுள்ள புனித எட்மண்ட் பள்ளியில் ஆசிரியரானார். 1949இல் ஹரோ பள்ளிக்கு மாறினார்.

1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நண்பரொருவரின் உதவியால், அரசினரின் ஆய்வுகூடமொன்றில் இருந்த பைலட் ஏஸ் என்னும் கணினியைக் கண்டார். அன்றுமுதல் ஓய்வுப்பொழுதெல்லாம் அதற்கே உரியதாயிற்று. கட்டப்பலகையிற் காய் நகர்த்தும் டிராப்ட் ஆட்டத்தைக் கணினி ஆடுமாறு ஏவல்கள் எழுதினார். அப்பொறியின் நினைவகம் அதற்குப் போதவில்லை. மன்செஸ்டரில் இதனினும் பெரிய கணினி இருந்தது. அலன் டூரிங் எழுதிய கைந்நூலைக் கற்று அங்கே சென்றவர், அக்காலத்தில் எவரும் எழுதியிராத அளவு நீண்ட ஏவல்தொடரொன்றை இயக்கிக் காட்டினார். அதன் முடிவிற் கணினி பிரித்தானிய நாட்டுப் பண்ணை ஒலித்ததாம். 1952இல் அவர் ஆசிரியத் தொழிலை விட்டுக் கணினித்துறையிற் புகுந்தார். அப்பொழுது அவருக்கு வயது 35.

பின்னர் அவர் தம் வாழ்நாளைச் செலவிட்ட வினாவை நம் வயல்நாட்டு உவமையாற் கூறுவேன். போடியார் ஒருவரின் களஞ்சியத்தில் 10 மூடை நெல் உண்டு எனக் கொள்க. அவர் தம் கணக்கப்பிள்ளைக்கு ஓர் ஏவல் இடுகிறார்: 2 மூடையை வெளியே எடுத்து அத்தொகையைக் கூறுக, களஞ்சியத்தின் இருப்பை எண்ணிக் கூறுக, இரண்டையும் கூட்டுக. எடுத்தபின் எண்ணினால் 2உம் 8உம் சேர்ந்து 10. எண்ணியபின் எடுத்தால் 10உம் 2உம் சேர்ந்து 12. கணக்கப்பிள்ளை பொய் கூறவில்லை, கூட்டலிலும் பிழையில்லை. முறையைக் கூறாது விட்டவர் ஏவியவரே. எண்களை இடம்மாற்றினும் தொகை மாறாது என நாம் பாலர் வகுப்பிற் கற்ற விதி, விடைகூறும்பொழுதே களஞ்சியத்தையும் மாற்றுகின்ற சொல் ஒன்று இடையிற் புகுந்ததும் நிலைகுலைகின்றது. இம்மாற்றத்தையே பக்கவிளைவு என்கின்றனர்.

1962முதல் கேம்பிரிட்ஜில் சீ.பீ.எல். என்னும் கணினிமொழியை வகுப்போருள் ஒருவராய் இருந்த ஸ்ட்ரேச்சி, 1965இல் ஒக்ஸ்போர்டில் ஓர் ஆராய்ச்சிக் குழுவை நிறுவினார். அவர் கண்ட தீர்வு எளியது. பெயர் இடத்தைக் காட்டும். இடத்தின் பொருளைக் களஞ்சியம் காட்டும். ஆகவே ஒரு தொடரின் பொருள் வெறும் எண் மட்டும் அன்று. ஒரு களஞ்சியத்தைப் பெற்று, விடையையும் மாறிய களஞ்சியத்தையும் ஒருங்கே தருவதே அதன் பொருள். அங்ஙனமாயின், எண்ணுபவன் கையிற் கொடுக்கப்பட்டது 10 மூடைக் களஞ்சியமா, 8 மூடைக் களஞ்சியமா என்பதை மொழியின் இலக்கணமே கூறிவிடும், ஐயத்திற்கு இடமிராது. 1969இல் டேனா ஸ்கொட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் ஒக்ஸ்போர்டுக்கு வந்து இக்கொள்கைக்கு உறுதியான கணித அடித்தளம் இட்டார்.

சீ.பீ.எல். முழுமையாய் வழக்கிற்கு வரவில்லை. ஆயினும் அதன் கால்வழியிற் பிறந்ததே உலகெங்கும் பரவிய சீ மொழி. கூட்டற்குறியின் இருபுறத்தில் எதனை முதலிற் செய்வது என்பதைச் சீ மொழி விதிக்காது, மொழிபெயர்க்கும் கருவியின் விருப்பிற்கு விட்டது. ஆதலின் நம் போடியாரின் ஏவலைச் சீ மொழியில் எழுதினால் ஒரு கணினியில் 10உம் மற்றொன்றில் 12உம் வரலாம். 1995இல் வெளிவந்த ஜாவா இடமிருந்து வலமாக என விதித்தது. 1990இல் தோன்றிய ஹாஸ்கெல், விடைகூறும் சொல் களஞ்சியத்தைத் தொடவே கூடாது என விலக்கி, மாற்றஞ்செய்யும் ஏவல்களைத் தனியே பிரித்து வைத்தது. எவ்வழி நன்று என அறிஞர் இன்றும் வாதிடுவர். அவ்வாதத்திற்குரிய சொற்களுட் பல ஸ்ட்ரேச்சியிடம் பெற்றவை.

எனினும் இவர் அச்சேற்றியது மிகக் குறைவு. இடமதிப்பையும் பொருள்மதிப்பையும் விளக்கி 1967இல் கொப்பன்ஹேகனில் நிகழ்த்திய விரிவுரைகள் படியெடுக்கப்பட்டுக் கைமாறிக் கைமாறி உலவின. ஆய்விதழில் அச்சேறியது 2000ஆம் ஆண்டில். பேராசிரியர் பதவி 1971இல் வந்தது. தம் மாணவர் ரொபட் மில்னுடன் இரவுபகலாய் உழைத்துப் பெரியதோர் ஆய்வுரையை முடித்த சிறிது காலத்தில் மஞ்சட்காமாலை கண்டு, 1975ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் தம் 58ஆம் வயதிற் காலமானார். அவ்வுரையை மாணவரே செப்பஞ்செய்து 1976இல் நூலாக்கினார்.

ஆசிரியரின் உழைப்பு மாணவர் கையால் நூலாவது நம்மிடையேயும் பழைய மரபே. தேர்வில் உயர்வகுப்புப் பெறாத மாணவன் எவனையும் இனிக் கடைசி வாங்கில் வைத்து மறக்கலாகாது என இவ்வரலாறு எனக்குக் கற்பித்தது. இப்பொழுது ஆகுபெயர் வகுப்பிற் கல்முனைத் தொடர்கள் இரண்டுக்கும் கீழே போடியாரின் ஏவலையும் எழுதி, 10உம் 12உம் எவ்வாறு வந்தன எனக் கேட்கிறேன். விடைகூற எழுபவர் பெரும்பாலும் பின்வாங்கு மாணவரே.